அம்மாவின் போன் ஏன் அணைந்து கிடக்கிறது?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் ஒரு குறை சொன்னார். அவருக்கு ஊர் வால்பாறைப் பக்கம். விடுமுறைக்குப் போயிருந்தபோது தாயாருக்கு முப்பதாயிரம் ரூபாயில் புது செல்போன் வாங்கிக் கொடுத்து வந்தாராம். பேட்டரி அரை நாள்கூட நிற்கவில்லையாம். "கடைக்காரன் பழைய பேட்டரியைப் போட்டு ஏமாற்றிவிட்டான்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "அதெல்லாம் இல்லை, அம்மா எதையாவது அமுக்கி வைத்திருப்பார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால் இதே இரண்டு வார்த்தைகளையும் 2024-ஆம் ஆண்டில் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டுமே தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதமும், மும்பையிலிருந்து பள்ளிவாசல் வரை ஒரு பயணமும் தேவைப்பட்டன. நம்மில் பலருக்குத் தாய் தகப்பன் மலையிலோ, சிக்னல் சரியாக எட்டாத கிராமத்திலோ இருக்கிறார்கள். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பள்ளிவாசல் மூணாற்றுக்குக் கீழே, அடிமாலி போகும் சாலையில் இருக்கிறது. இடுக்கி மாவட்டம். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அங்கேதான் வந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், 1940-இல், முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். ஆலுவாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் அந்த மின்சாரத்தை நம்பி எழுந்தவை. அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன் நான். ஆனால் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதுதான். இன்றும் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அது நின்றுபோகும். வீட்டுக்கு ஒரு பிளக்பாயின்ட். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஊரில் போனுக்குச் சார்ஜ் என்பது நினைத்த நேரத்தில் கிடைக்கும் பொருளல்ல.

அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வேலையிலிருந்து நின்றுவிட்டார். தம்பி எஸ்டேட்டில் வேலை பார்ப்பதால் லயம் இருக்கிறது. தம்பியும் அவன் மனைவியும் காலையில் காட்டுக்குப் போய்விட்டால் அம்மா மட்டும்தான் வீட்டில். 2024 மே மாதம் ஊருக்குப் போனபோது புது போன் வாங்கிக்கொண்டு போனேன். 5000 மில்லி ஆம்பியர் பேட்டரி, "இரண்டு நாள் தாங்கும்" என்று பெட்டியிலேயே போட்டிருந்தார்கள். சந்தேகப் பேர்வழியான நான் மும்பை வீட்டில் ஐந்து நாள் வைத்துப் பார்த்த பிறகே எடுத்துப் போனேன். சொன்னபடி இரண்டு நாள் நின்றது.

நான் திரும்பி வந்த இரண்டாவது வாரம் அம்மா சொன்னார்: "இந்தப் போனு சோறு திங்குற மாதிரி கரண்டு திங்குதுய்யா. பழைய போனு ஞாயித்துக்கிழமை போட்டா வியாழக்கிழமை வரைக்கும் வரும்."

புது போன் முதல் இரண்டு மூன்று நாள் கூடுதலாகச் சார்ஜ் எடுக்கும், அது உண்மைதான். உள்ளே இருக்கும் செயலிகள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும், படங்களைத் தரம் பிரித்து அடுக்கும். அப்புறம் அடங்கிவிடும். அதையே சொல்லிச் சமாளித்தேன். அடங்கவில்லை. தம்பி அடிமாலியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இங்கே நான் கேட்ட சர்வீஸ் சென்டரில், அனுப்பி வையுங்கள் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் கட்டிடத்துப் பெரியவர் ஒருவர், முதல் நாள் எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டீர்களா என்று விசாரித்தார். அது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து சாஸ்திரம். 1991-இல் சோனி நிறுவனம் கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் பேட்டரிக்கு அந்த விரதமெல்லாம் வேண்டாம். குளிர் காரணமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஜனவரியில் மூணாறு பூஜ்யம் டிகிரி வரை இறங்குவதுண்டு, அப்போது பேட்டரி கொஞ்சம் சுணங்கும். ஜூன் மாதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கடைசியில் நான் வந்து சேர்ந்த முடிவு, நம் எல்லோரும் வந்து சேரும் முடிவுதான்: அம்மாவுக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அடித்துக்கொண்டு போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் போயிருந்தன. இடுக்கிப் பக்கமும் மழை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. தம்பிக்குப் போட்டேன், எல்லைக்கு வெளியே. பத்து மணிக்கு, பதினொரு மணிக்கு, ஒரு மணிக்கு. அலுவலகத்தில் உட்கார முடியவில்லை.

பள்ளிவாசல்காரன் ஏன் இப்படிப் பதறினான் என்று கேட்பவர்களுக்குப் பெட்டிமுடியை நினைவூட்ட வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை இறங்கி லயங்களை மூடியது. 70 உயிர்கள். நான்கு பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்து வேர் உள்ள குடும்பங்கள் பல. மழையில் கரண்ட் இல்லை, செல்போன் தொடர்பு இல்லை. இரவில் நடந்தது வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஆள் போய்ச் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கு, மழை நாளில் போன் எடுக்கப்படவில்லை என்றால் அது வெறும் தொழில்நுட்பக் கோளாறு அல்ல.

மாலை ஆறே முக்காலுக்கு அம்மாவே கூப்பிட்டார். சாவகாசமான குரல். "சார்ஜு தீந்துருமேன்னு அமத்தி வச்சிருந்தேன்யா. நீ ஏழு மணிக்குத்தானே பேசுவ. அப்பப் போயி போனு செத்துக் கிடந்தா நீ பயந்துருவியே."

நான் பயந்துவிடக் கூடாது என்பதற்காகவே பகல் முழுக்க அணைத்து வைத்திருக்கிறார். அதற்கு நான் அவரைச் சத்தம் போட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். எர்ணாகுளத்தில் இறங்கி பஸ்ஸில் போகும்போது என் கையிலிருந்த போனையே கவனித்தேன். நேரியமங்கலம் தாண்டிக் காடு ஆரம்பித்ததும் சிக்னல் வந்து வந்து போயிற்று. அதுவரை ஒழுங்காக இருந்த சார்ஜ், நான் தொடாமலேயே கடகடவென்று இறங்கியது. மனதில் ஏதோ தட்டியது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவின் போனை முழுக்கச் சார்ஜ் செய்து, இரவு பதினொரு மணிக்கு அலமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு 69 சதவீதம். யாரும் தொடவில்லை, திரைகூட எரியவில்லை. எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்ற பட்டியலைத் திறந்தேன். மொபைல் நெட்வொர்க் முதலிடத்தில் இருந்தது.

அதில் இரண்டு சிம். ஒன்று அம்மாவின் பழைய எண். இன்னொன்று நான் மும்பையில் வாங்கிப் போட்டது, இணையம் மலிவாகக் கிடைக்கிறது என்று. அந்தக் கம்பெனிக்கு எங்கள் லயத்துக்கு எட்டுகிற மாதிரி டவரே இல்லை! நான்கு மாதமாக அந்தப் போன் இராப்பகலாக இல்லாத டவரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தத் தேடல் எப்படிப்பட்டது என்று கொழுந்துக் காட்டில் நின்றவர்களுக்கு எளிதாகப் புரியும். மூடுபனி இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் நிற்பவளே தெரியமாட்டாள். பெண்கள் ஒருவரையொருவர் குரல் கொடுத்துக் கூப்பிடுவார்கள். பதில் வந்தால் சாதாரணமாகப் பேச்சு தொடரும். வராவிட்டால் இன்னும் உரக்க, இன்னும் உரக்க. செல்போனும் அப்படித்தான். டவர் பக்கத்தில் இருந்தால் முணுமுணுக்கும், தொலைவில் இருந்தால் கத்தும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் வரை அலையை வெளியிடலாம். அதற்காக அது பேட்டரியிலிருந்து உறிஞ்சுவது இதைப்போலப் பல மடங்கு. டவர் அருகில் இருந்தால் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

சிக்னல் வலிமையைப் போனே ஓர் எண்ணாகக் காட்டும், அமைப்புகளுக்குள் சிம் பற்றிய பக்கத்தில் இருக்கும். மும்பையில் என் வீட்டு ஜன்னலில் அது கழித்தல் 72. அம்மாவின் அலமாரியில், நல்ல சிம்முக்கே, கழித்தல் 112. நாற்பதுதானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது. இந்தக் கணக்கில் பத்து இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. நாற்பது இறங்கினால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் மடங்கு மெல்லிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த போனைத்தான் சோறு தின்கிறது என்று திட்டினோம். மும்பையில் நான் ஐந்து நாள் செய்த பரிசோதனைக்கு என்ன மதிப்பு? கடற்கரையில் நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு மலையேற ஆள் எடுத்த மாதிரி.

அன்று இரவு இரண்டாவது சிம்மைக் கழற்றினேன். 5ஜி தேடுவதையும் நிறுத்தி 4ஜி மட்டும் என்று வைத்தேன். காலையில் 93 சதவீதம்.

இதோடு முடிந்திருந்தால் சிம் கம்பெனியைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்தது என்ன தெரியுமா? அம்மா எங்கே இருக்கிறார் என்று எனக்குக் காட்டுவதற்காக நானே போட்டுவைத்த இருப்பிடச் செயலி. மூன்றாவது, படங்களைத் தானாகவே இணையத்தில் ஏற்றி வைக்கும் வசதி. எங்கள் குழந்தைகளின் படங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். அந்த ஊசலாடும் சிக்னலில் அவை பாதி ஏறி, அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தன. குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் ஏழு. காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள், யாரோ வீட்டு வளைகாப்பு வீடியோ, எல்லாம் தானாக இறங்கும்படி வைத்திருந்தேன். அம்மா அவற்றில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. இவை ஒன்றும் அவர் கேட்டவை அல்ல. அவருக்குப் போன் வாங்கிக் கொடுத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என் மன அமைதிக்கு ஒரு கருவி வாங்கி அவர் வீட்டில் வைத்திருந்தேன், அதற்குத் தீனி போடுவது அவர் வேலையாயிற்று.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் செய்யும் தவறு இதுதான் என்பது என் கருத்து. கடையில் நின்று கேமரா எத்தனை மெகாபிக்சல், நினைவகம் எத்தனை ஜிபி என்று கேட்கிறோம். அம்மா உட்காரும் திண்ணையில் எந்தக் கம்பெனி சிக்னல் வருகிறது என்று கேட்பதில்லை. அதைக் கடைக்காரன் சொல்ல முடியாது. பக்கத்து லயத்து அத்தைதான் சொல்ல முடியும். ஒரு போன் பேச்சில் தெரிந்துவிடும். எங்கள் லயத்தில் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருந்தது. மாரியம்மன் கோயில் படிக்கட்டில் நின்றால் எந்த சிம் எடுக்கும், குழாயடியில் எது எடுக்கும் என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். கொரோனாக் காலத்தில், இராஜமலைப் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய்ச் சாலையோரம் உட்கார்ந்து பாடம் கேட்டார்களே, அந்த ஊர். அவர்களிடம் கேட்கத் தோன்றாதது என் படிப்பின் மிடுக்கு.

கம்பெனிகளை நான் விட்டுவிடவில்லை. "இரண்டு நாள் தாங்கும்" என்று பெட்டியில் போடுகிறவர்கள் எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள் என்றும் போட வேண்டாமா? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், விற்கிற ஒவ்வொரு செல்போனிலும் ஒரு முறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் நிற்கும், எத்தனை முறை சார்ஜ் செய்யலாம் என்று சீட்டு ஒட்ட வேண்டும். 800 முறை சார்ஜ் செய்த பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும் என்றும் விதி. நல்லது. நம் நாட்டில் அப்படிச் சீட்டு வந்தால் அதில் இன்னொரு வரி சேர்க்கச் சொல்வேன்: சிக்னல் மெலிந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்று. நகரத்தில் மட்டும்தானா போன் விற்கிறார்கள்?

நாம் செல்போன் பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், டவரின் பேட்டரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு டவரின் அடியிலும் 48 வோல்ட் பேட்டரி அடுக்கு ஒன்று உண்டு. கரண்ட் போனால் சில மணி நேரம் அதில் ஓடும், பிறகு டீசல் ஜெனரேட்டர். மலையில் புயல்மழை நாளில் கரண்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். சாலை அடைத்துவிட்டால் டீசல் போய்ச் சேராது. அப்போது அம்மாவின் கையில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தாலும் அந்தப் போன் ஒரு கைவிளக்குதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு தனித்தீவாகக் கிடந்ததைப் பார்த்தோம், இரண்டு வருடத்தில் பெட்டிமுடியைப் பார்த்தோம். ஆகவே மழைக்கு முன்னால், மே மாதத்திலேயே, தோட்டப் பகுதி டவர் ஒவ்வொன்றிலும் மூன்று நாளுக்கான மின்வசதி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று வைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. தேர்தல் காலத்தில் நம் ஊர் வேட்பாளர்கள் இங்கே வந்து சங்க மேடையில் மாலை வாங்கிப் போகிறார்கள். மாலையோடு இதையும் கையில் கொடுக்கலாம்.

"அம்மாவை மும்பைக்கே அழைத்து வந்துவிட வேண்டியதுதானே" என்று சிலர் கேட்பார்கள். இரண்டு முறை அழைத்து வந்தேன். ஆறாவது மாடியில் காற்றுக்குப் பதில் மின்விசிறி, தண்ணீருக்குப் பதில் டேங்கர். பதினைந்தாவது நாள் பையைக் கட்டிக்கொண்டார். அந்தப் பேச்சை விடுங்கள்.

இப்போதைய ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் பட்டன் வைத்த 4ஜி போன் ஒன்று வாங்கினேன். வெறும் 2ஜி போன் எல்லா சிம்மிலும் வேலை செய்யாது, வாங்குபவர்கள் கவனிக்கவும். அதில் லயத்துக்கு எட்டும் கம்பெனியின் சிம்மைப் போட்டாயிற்று. அந்த போன் அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கிறது, எந்நேரமும் உயிரோடு. பெரிய போன் அலமாரியில் ஃபிளைட் மோடில் தூங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பி அதை எடுத்துக்கொண்டு அம்மாவோடு கோயில் படிக்கட்டுக்குப் போவான், பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்க. இருப்பிடச் செயலியை எடுத்துவிட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று நான் கேட்டால் அம்மா சொல்லிவிடுகிறார், "இங்கனதான்யா" என்று.

வால்பாறை நண்பரை மறுநாளே போனில் பிடித்து, தாயார் வீட்டில் எந்தக் கம்பெனி சிக்னல் வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தெரியலியே சார், ராத்திரி அம்மாகிட்டயே கேக்குறேன்" என்றார்.